பங்காளி வரிசை

என் கல்யாணத்துக்கு இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா மாதா கோயிலுக்குள் எழுந்து நின்றார். மாப்பிள்ளை, பெண் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் வாசித்து, "இவர்களுக்குள் ஏதாவது விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் தெரியப்படுத்தவும்" என்று கேட்பது எங்கள் வழக்கம். கேட்பார்களே தவிர, அதற்கு யாரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. குழந்தைகள் சிணுங்கும், கிழவர்கள் இருமுவார்கள், சாமியார் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். அன்றைக்குப் பெரியப்பா துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு, "சாமி, விக்கினம் கீது" என்றார்.

"இன்னா விக்கினம்?" என்று கேட்டது சாமியார் இல்லை, நான். பெண்கள் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிற கல்யாணப் பெண் அப்படிக் கேட்கலாமா கூடாதா என்று யோசிக்கிற பொறுமை எனக்கு என்றைக்கும் கிடையாது. கோபம் மூக்கின் மேலேயே குடியிருக்கும். பக்கத்தில் இருந்தவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

"இதுங்க ரெண்டும் பங்காளிங்க சாமி. அண்ணன் தங்கச்சி முறை ஆவுது" என்றார் பெரியப்பா, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கோயில் முழுக்க 'அய்யய்யோ' என்று ஒரு சத்தம். பங்காளி என்றால் ஒரே தகப்பன் வழியில் வந்தவர்கள். எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் அவன் அண்ணன், அவள் தங்கை. மாமன் மகனைக் கட்டலாம், அத்தை மகனைக் கட்டலாம். பங்காளியைக் கட்டுகிறேன் என்று ஒருத்தி சொன்னால் அவள் இருக்கிற பக்கம் யாரும் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார்கள். சம்பந்தம் பேசிய நாளிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் வந்து சிரித்துவிட்டுப் போன அதே பெண்கள், என்னைவிட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்கள். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாடு சுதந்திரம் வாங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம். உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் சேரி. ஆணும் பெண்ணும் ஊர்த்தெருக்காரர்களின் கழனியில் கூலிக்குப் போகிறவர்கள். கன்னியர் மடத்தில் தங்கி டீச்சர் டிரெயினிங் முடித்து வந்தவள் நான் ஒருத்திதான். கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். மாப்பிள்ளை மானாம்பதிக்காரர், உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் பிட்டர். அண்ணன் மகளைப் பள்ளியில் சேர்க்க வந்த அன்று, கையெல்லாம் கிரீஸ். "பெஞ்சில உக்காந்தா கறை படியும் டீச்சர்" என்று கடைசிவரை நின்றுகொண்டே பேசினார். அதற்கப்புறம் அந்தப் பெண் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்க வந்துகொண்டே இருந்தார். முதல் வகுப்புக் குழந்தை அப்படி என்னதான் படித்துவிடும்? கேட்க வந்தவர் முகம் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். பிறகு அவருடைய அம்மா வெற்றிலை பாக்கோடு வந்து பேசினார். என் அப்பாவும் தலையாட்டினார். அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

நைனாவுக்கு அந்தக் குடும்பத்தின் பூர்வீகம் தெரியாது. மாப்பிள்ளையின் தாத்தா பெண்டாட்டி ஊருக்கே போய்க் குடியேறிவிட்டவர். தங்கள் வேர் எங்கள் சேரியில்தான் இருக்கிறது என்பது அவர்களுக்கே மறந்து போயிருந்தது. பெரியப்பாவுக்கு மறக்கவில்லை. அவர் என் நைனாவோடு கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் பங்காளிகளில் மூத்தவர், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வகையறாவில் யாருக்குப் பெண் கொடுக்கலாம், யார் வீட்டில் எடுக்கலாம் என்று அவரைக் கேட்காமல் தட்டு மாற்றியதில்லை. நான் மாற்ற வைத்தேன். அந்தக் கோபமும் அவருக்கு இருந்தது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பூசை முடிந்ததும் சாமியார் என்னையும் நைனாவையும் கூப்பிட்டார். "இத்தனை தலைமுறை தள்ளியிருந்தால் கோயில் சட்டத்தில் தடை இல்லை அம்மா. ஆனால் ஊரே எதிர்த்து நிற்கிறபோது நான் எப்படித் தாலி மந்திரிப்பது? பெரியவர்களோடு பேசி முடித்துக்கொண்டு வாருங்கள். அதுவரை மூன்றாவது ஓலையை நிறுத்தி வைக்கிறேன்" என்றார். நல்ல மனிதர்தான். சண்டை என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். பேசி முடிப்பதற்கு நான் என்ன சந்தையில் மாடா பிடிக்கிறேன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு வெளியே வந்தேன். நைனா எதற்கெடுத்தாலும் எகிறிக் குதிக்கிற மனிதர், வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நடந்துபோனார்.

நான் நேராகப் பெரியப்பா முன்னால் போய் நின்றேன். "அண்ணன் தங்கச்சின்னு சொல்றியே பெரியப்பா, அத்தாட்சி இன்னா கீது?"

"வா, காட்டறேன்" என்றார்.

அந்த வெயிலிலேயே என்னைக் கல்லறைக்கு அழைத்துப்போனார். கல்லறை என்றால் வெள்ளையடித்த சிலுவைகள் வரிசையாக நிற்கிற இடம் என்று நினைக்க வேண்டாம். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் ஓடைக்குப் பக்கத்தில் கள்ளி வேலி போட்ட ஒரு மேடு. எங்களுக்குக் கோயில் வருவதற்கு முன்பிருந்தே அங்கேதான் புதைக்கிறார்கள். தலைமாட்டில் ஒரு செதுக்காத கல், அதில் பெயரும் கிடையாது, வருஷமும் கிடையாது. பெயர் வெட்ட எங்களில் யாருக்கும் வக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு பங்காளி வகையறாவுக்கும் ஒரு வரிசை. அண்ணன் தம்பிகள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் அந்த ஒரே வரிசையில். வாழ வந்த பெண் புருஷன் பக்கத்தில் படுப்பாள். பிறந்த பெண் கட்டிக்கொண்டு போன இடத்து வரிசைக்குப் போவாள். வரிசை தெரிந்தால் வம்சம் தெரியும்.

பெரியப்பா கைத்தடியால் ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டு போனார். "இது என் தாத்தன். இதுக்கு அடுத்தது அந்த மானாம்பதிப் பையனோட பூட்டன். இதுக்கு அடுத்தது உன் பூட்டன். மூணு பேரும் அண்ணன் தம்பிங்க. அண்ணன் தம்பியா இல்லாம ஒரே வரிசையில எவனாவது படுப்பானா, சொல்லு."

பூட்டன் என்றால் தாத்தாவின் அப்பா. மூன்று கல்லும் ஒரே மாதிரிதான் இருந்தன. "கல்லு பேசுமா பெரியப்பா?" என்றேன்.

"பேசாது. அத்தொட்டுதான் நாங்க பேசறோம்."

அதனால் இன்னும் கோபம் வந்தது. வரிசையின் கடைசியில் என் அம்மாவின் கல். நான் பாவாடை கட்டிய வயதில் காய்ச்சலில் போனவள். அவளுக்குப் பக்கத்தில் நைனாவுக்காக விட்டிருந்த இடத்தில் நெருஞ்சி படர்ந்திருந்தது. பெரியப்பா குனிந்து அதைப் பிடுங்கிப் போட்டார். சண்டையும் போட்டுக்கொண்டு முள்ளையும் பிடுங்குகிற மனிதரை என்ன செய்வது?

"உங்க வூட்டுல கடுதாசிக் கம்பி கீது இல்ல, அத்தக் குடு" என்றேன்.

எங்கள் வகையறாவுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அந்த வீட்டில்தான் இருந்தன. அந்தக் காலத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் பெரியப்பாவின் அப்பா. யாருக்குக் கடிதம் வந்தாலும் அவர் வாசலில் கூடிக் கேட்பார்கள். படித்து முடித்ததும் அதைக் கொக்கி போல வளைத்த ஒரு கம்பியில் குத்திக் கூரை வாரையில் மாட்டிவிடுவார். அவர் போன பிறகு அந்த வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை. குப்பை என்று எரிக்கவும் மனம் வரவில்லை. பெரியப்பா, "எடுத்துக்கினு போ. படிச்சவ தானே, படி" என்றார். 'படிச்சவ' என்பதை அவர் சொன்ன விதத்தில் பாராட்டு ஏதும் இல்லை.

அந்த வாரம் முழுக்க, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோன அன்று நைனா சீறினார். "குப்பையக் கிளறாத. செத்தவங்க செத்துப் பூட்டாங்க. உனுக்கு வேற மாப்பிள்ளையே கெடைக்காதா?" என் பக்கம் நிற்க வேண்டிய மனிதர் இப்படிப் பேசியது எனக்குத் தாங்கவில்லை. "நீயும் அந்தக் கட்சியா?" என்று கேட்டுவிட்டுச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனேன். அவரும் சாப்பிடவில்லை என்று மறுநாள் காலையில் சட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கடிதங்கள் பெரும்பாலும் என் சின்னத் தாத்தா எழுதியவை. அதாவது என் பூட்டனின் இளைய மகன். கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனவர். அங்கே யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றிலும் உச்சியில் 'சேசு மரி சூசை துணை'. 'இவ்விடம் சர்வேசுரன் கிருபையால் யாவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும்.' அப்புறம் ஏரி நிரம்பியதா, சிவப்புப் பசு ஈன்றதா, யாரோடு யாருக்குப் பேச்சு இல்லை. பூமிக்குள் அவ்வளவு ஆழத்தில் இறங்கி வேலை செய்தாரே மனிதர், அங்கே எப்படி இருந்தது என்று ஒரு வரி? கிடையாது! ஒவ்வொரு கடிதத்தின் நடுவிலும் கம்பி துளைத்த ஓட்டை, அதைச் சுற்றித் துரு. அந்த ஓட்டையில் என்னென்ன சொற்கள் போயினவோ. எனக்கு அந்தத் தாத்தாவையே பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

சாவுச் செய்திக்கு எழுதிய இரண்டு கடிதங்களில்தான் என் கண் நின்றது. ஒன்று, மாப்பிள்ளையின் பூட்டன் இறந்தபோது எழுதியது. 'பழையசீவரத்துத் தாய்மாமன் வீட்டார் வந்து கோடி போட்டதாக எழுதியிருந்தீர்கள். முறைப்படி நடந்தது கேட்டு ஆறுதல்.' இன்னொன்று, என் பூட்டன், அதாவது அவருடைய சொந்த அப்பா இறந்தபோது எழுதியது. 'நைனாவுக்கு அண்ணியின் வீட்டார் கோடி போட்டதாக அறிந்தேன். என்ன செய்வது. அவருக்கு என்று ஒரு தாய்மாமன் வீடு எங்கே இருக்கிறது. நானாவது பக்கத்தில் இருந்திருந்தால் என் கையால் ஒரு துணி வாங்கிப் போட்டிருப்பேன்.'

இதை ஒரு வெள்ளைக்காரன் படித்தால் ஒன்றும் புரியாது. எங்கள் ஆட்களுக்குப் புரியும். செத்தவர் எத்தனை வயதுக் கிழவராக இருந்தாலும் அவருடைய அம்மா பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுத் துணி வந்து மேலே விழுந்தாக வேண்டும், அதுதான் கோடி. மாமன் உயிரோடு இல்லையென்றால் மாமன் மகன், அவனும் இல்லையென்றால் பேரன். இரண்டு பூட்டன்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே தாய்மாமன் வீடு. ஒருத்தருக்குப் பழையசீவரத்திலிருந்து கோடி வந்ததாம், மற்றவருக்கு மாமன் வீடே கிடையாதாம். அது எப்படி?

கடிதத்தை எடுத்துக்கொண்டு கழனிக்கே ஓடினேன். நைனா வரப்பில் உட்கார்ந்து மாடுகளை இளைப்பாற விட்டிருந்தார். நான் வாசித்துக் காட்டினேன்.

"உன் பூட்டன் இந்த ஊரே இல்லமே" என்றார்.

தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. நைனா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தப் பூட்டனே தன் வாயால் சொன்னதாம். "தாது வருசப் பஞ்சத்துல எங்கேர்ந்தோ நடந்து வந்த கூட்டம். பாலாத்தங்கரையில எல்லாம் வுழுந்து செத்துப் பூட்டாங்க. இவரு ஒண்டிதான் மிச்சம். ஊரு பேரு கேட்டா சொல்லத் தெரில. அப்பன் பேரு கேட்டா 'நைனா'ன்னாராம். இந்த வரிசைக்காரங்கதான் இட்டுக்கினு வந்து கஞ்சி ஊத்தினாங்க. அவங்களுக்கே கஞ்சி இல்லாத காலம்."

கஞ்சி ஊற்றியதோடு விடவில்லை. காய்ச்சல் வந்து பிழைத்தெழுந்த பிறகு, அந்த வீட்டுப் பெரியவர் கையைப் பிடித்துக் கல்லறைக்கு அழைத்துப்போய் வரிசையின் முடிவில் நிற்க வைத்தாராம். 'இது உன் எடம்டா. செத்தா இங்க வருவ. அதுவரைக்கும் நீ எங்க புள்ள' என்றாராம். எங்கள் ஆட்கள் தத்து எடுப்பது அப்படித்தான் என்று நைனா சொன்னார். நிலம் உள்ளவன் பிள்ளைக்குப் பாகம் எழுதுவான். நிலமே இல்லாதவர்கள் என்ன எழுதுவார்கள்? படுக்கிற இடத்தைக் கொடுத்தார்கள்.

எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. சந்தோஷம்தான் முந்திக்கொண்டது. "அப்ப ரத்தம் இல்ல! அப்புறம் இன்னா நைனா, போயி சொல்லு!"

"சொல்றேன்" என்றார். "சொன்னா இன்னா ஆவும்? நாம்ப பங்காளி இல்லன்னு ஆவும். பங்காளி இல்லாதவனுக்கு வரிசையில இன்னா வேலை? உனுக்குக் கல்யாணம் நடக்கும். நான் எங்கமே போவேன்? உங்கம்மா அங்க ஒண்டியா கீறா."

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நைனா அம்மாவின் மேட்டைச் செதுக்கி மெழுகுவத்தி ஏற்றுவார். பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, அந்த வருஷ விளைச்சல், என் பரீட்சை, யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்வார். நான் படித்த பெண் அல்லவா, எனக்கு வெட்கமாக இருக்கும். அன்று வரப்பில் நின்றபோது வெட்கம் வரவில்லை. அவர் கேட்டது ஒரு முழ மண். அதை எடுத்து எனக்குச் சீதனம் தா என்று எந்த வாயால் கேட்பது?

மறுநாள் மில் வாசலில் போய் நின்று மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "காஞ்சிபுரத்துல ரிஜிஸ்தர் ஆபீசு கீது" என்றார்.

"ஓடிப்போறதுக்கு நான் இன்னா திருடியா?"

"அப்ப நானும் ஓடல" என்றார். "நீ வேற எவனையும் கட்டாத, நான் வேற எவளையும் கட்டல. பேஜாரு அவங்களுக்குத்தான்." அந்த இரைச்சலில் இதைக் கத்திச் சொன்னார். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நானும் நின்றேன்.

அடுத்த முறை சாமியார் வந்த ஞாயிறு, பூசை முடிவில் "என்ன முடிவு?" என்று கேட்டார். நான் எழுந்தேன். "ஓலையை நிறுத்திடுங்க சாமி. நான் தேடினது கிடைச்சுது. ஆனா அது சொல்ற விஷயம் இல்லை. ஒண்ணு மட்டும் எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும். நான் இவரைத் தவிர யாரையும் கட்டமாட்டேன். கெழவியாகிச் செத்தா, அண்ணன் தங்கச்சின்னு பேர் வச்ச நீங்களே என்னைத் தூக்குங்க."

உட்காருவதற்குள் ஆண்கள் பக்கத்தில் நைனா எழுந்துவிட்டார். கோயிலுக்குள் அவர் எழுந்து நின்று பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன். குரல் பெரிதாகவே வந்தது.

"எங்க தாத்தன் உங்க ரத்தம் இல்ல. பஞ்சத்துல பொறுக்கிக்கினு வந்த புள்ள. ஊரு தெரியாது, பேரு தெரியாது. என் பொண்ணு கட்டலாம்."

பெரியப்பாவின் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிட்டது. "டேய், உக்கார்றா! இத்தச் சொல்றதுக்கு எனுக்கு வாயில்லியா? எங்கப்பன் எனுக்கும்தான் சொல்லிட்டுப் பூட்டான். நாலு பேரு முன்னாடி உன் மானம் போவக் கூடாதுன்னுதான்டா வாய மூடிக்கினு கீறேன்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் கல்லறையில் என்னிடம் 'அண்ணன் தம்பிங்க' என்றபோது பொய்யென்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. "நிக்க வச்சா நிக்க வச்சதுதான். ரத்தமாவது கித்தமாவது. நீ எங்க புள்ள" என்றார்.

"அப்பக் கல்யாணத்துக்கு வுடு" என்றார் நைனா.

"வரிசைக்குள்ள நின்னுக்கினு வரிசைக்குள்ளயே பொண்ணு குடுப்பியா? அது எப்பிடிடா முடியும்?"

"முடியாது இல்ல? அப்ப உன் வரிசை வாணாம். எடுத்துக்க."

"வேலி ஓரத்துலதான் கெடப்ப."

"கெடக்கறேன்."

நான் வேண்டாம் நைனா என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்து, "நீ சும்மா இருமே. எல்லாத்தையும் நீயே பேசுவியா?" என்றார். மூன்றாவது ஓலை அப்போதே வாசிக்கப்பட்டது. பங்காளி முறையே போன பிறகு சொல்ல விக்கினம் எதுவும் மிச்சமில்லை.

கல்யாணம் நடந்தது. பங்காளி வீட்டார் ஒருவரும் பந்தலுக்குள் வரவில்லை. மானாம்பதியிலிருந்து வந்தவர்களும் நைனாவும் நானுமாகச் சாப்பிட்டோம். மிஞ்சிய சோற்றைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போட்டேன். அவர்களைப் பெற்றவர்கள் தடுக்க வந்தபோது, "நாளைக்கு ஆனா ஆவன்னா யார் சொல்லிக் குடுக்கறதுன்னு பாக்கலாமா?" என்று கேட்டேன். பிள்ளைகள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

நைனா அதற்கப்புறமும் கல்லறைத் திருநாளுக்கு அம்மாவிடம் போய் உட்கார்ந்துதான் வந்தார். அதை யாரும் தடுக்கவில்லை. திரும்பி வரும்போது வேலி ஓரத்தில் கொஞ்சம் நின்று பார்ப்பார். "இங்க காத்து நல்லா வருதுமே" என்பார். நான் அவருக்கு முன்னால் நடந்துவிடுவேன்.

அவர் போனது ஒரு பங்குனியில். அப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். அறுப்பு முடித்து வந்து தண்ணீர் கேட்டவர், சொம்பு கைக்கு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். மறுநாள் காலையில் குழி வெட்ட ஆள் வரவில்லை. எங்கள் சேரியில் குழி வெட்டுவது பங்காளிகளின் வேலை. எங்களுக்குத்தான் பங்காளி இல்லையே. சாமியார் இல்லாத நாளில் ஜெபம் நடத்துகிற கோயில் உபதேசியார் வந்து, வேலி ஓரத்தில் ஒரு இடத்தைத் தடியால் கீறிக் காட்டிவிட்டுப் போனார்.

நான் கடப்பாரையை எடுத்தேன். வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். வேலி ஓரத்தைத் தாண்டி நான் நேராக அம்மாவிடம் போனேன். சேதி அதற்குள் ஓடிவிட்டது. பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு வந்து வரிசையின் குறுக்கே நின்றார். அவருக்குப் பின்னால் ஊரே நின்றது. ரொம்பத் தளர்ந்திருந்தார். கண்ணிலும் புரை விழுந்திருந்தது.

"சொன்ன சொல்லு இன்னா ஆச்சு?" என்றார். "நாலு பேரு கேக்க வரிசை வாணாம்னான் உங்கப்பன்."

என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். பங்காளி முறையில் அவருக்கும் இவர் பெரியப்பாதான். "பெரியப்பா, எனுக்கு இந்த வரிசையில ரத்தப் பாத்தியம் கீது. எனுக்குச் சேர வேண்டிய எடத்த மாமாவுக்குக் குடுக்கறேன். அப்ப சரிதானே?"

கிழவர் யோசித்தார். ஒத்துக்கொள்வார் போலத்தான் இருந்தது. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

"யாரும் ஒண்ணும் குடுக்க வாணாம்!" என்று கத்தினேன். வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் கத்தினேன். "குடுத்தா திரும்பக் கேப்பீங்க. ஒரு தடவ குடுத்துட்டுத் திரும்ப வாங்கினீங்களே, அது போதும். நைனா வரிசையத்தான் உங்ககிட்டக் குடுத்தாரு. எங்கம்மாவக் குடுக்கல. அவ புருசன் அவ பக்கத்துல படுக்கறான். அதுக்கு எவன் உத்தரவு வேணும்?"

பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. கடப்பாரையை ஓங்கிப் போட்டேன். பங்குனி மண், பாறையாக இருந்தது. பெண் குழி வெட்டி எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. பின்னால் யாரோ ஒருத்தி "அடிப் பாவி" என்றாள். நான் இடிக்க, வீட்டுக்காரர் மண்ணை வாரிக் கொட்டினார். எங்களோடு ஒருவரும் சேரவில்லை, ஒருவரும் எங்கள் கையைப் பிடிக்கவும் இல்லை. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து கடப்பாரை வழுக்கியது. புடவையில் துடைத்துக்கொண்டு இடித்தேன். நைனாவை நினைத்து அழுதேன், அழுதுகொண்டே ஊரையும் திட்டினேன். இடுப்பளவு ஆனதும், போதும் என்று ஏற வந்தேன்.

பெரியப்பா அதுவரை வெயிலில் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தார். கண் தெரியாததால் தடியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார்.

"இன்னும் ஒரு மொழம் எறக்குமே" என்றார். "ஏரிப் பக்கம் நரி கீது. தோண்டிடும்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் கும்பிட்டிருப்பேன். "எனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு முழம் இறக்கினேன்.